முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு வணிகப் பாடம்: எதைக் கற்றுத்தர வேண்டும், யார் கற்றுத்தர வேண்டும்?

#1 கரித்தூள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் ஆய்வாளர், நான்காம் ஆண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். என் நெறியாளரும் இந்தத் தளத்தை வாசிப்பவர்தான்.

வரும் கல்வியாண்டிலிருந்து முனைவர் பட்டத்துக்குச் சேரும் எல்லோருக்கும், எந்தத் துறையானாலும், ‘தொழில்முனைவும் மேலாண்மையும்’ என்றொரு இரண்டு கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்கப் போகிறார்களாம். துறைக்கு ஓர் ஆய்வாளரிடம் வரைவைக் கொடுத்துக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் துறையில் அது என் தலையில் விழுந்தது.

ஐந்து அலகுகள். மேலாண்மைச் சிந்தனையின் வரலாறு, தலைமைப் பண்புகள், சந்தைப்படுத்துதல் ஓர் அறிமுகம், ஸ்டார்ட்-அப் திட்டங்கள், வெற்றி பெற்ற தொழில்முனைவோரின் வாழ்க்கை. முடிவில் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. நடத்தப்போவது மேலாண்மைத் துறை.

இப்படியொரு பாடம் தேவையே இல்லை என்று எழுதிக்கொடுக்க எனக்கு மனமில்லை. காரணம் தெரிந்ததுதான். உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2014-15-இல் நாடு முழுக்க 1.17 லட்சம் பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள், 2021-22-இல் 2.12 லட்சம். கல்லூரி வேலைகள் அந்த வேகத்தில் கூடவில்லை. போதாக்குறைக்கு, 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் ஆகிய தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று விதியை மாற்றிவிட்டது. வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் இந்த ஐந்து அலகுகளைப் படித்துவிட்டு எங்கே போவது?

தொழில் துறையில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இப்படிப் படித்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். நான் என்ன எழுதிக்கொடுக்கட்டும்?

#2 ஓய்வுபெற்ற வாத்தியார்

மகளே, அல்லது மகனே, ஒரு மாற்றுக் குரலும் இழையில் இருக்கட்டும். முப்பதாண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன் நான். ஆய்வு என்பது ஒரு கேள்வியோடு ஐந்தாறு ஆண்டுகள் தனியாக உட்காரக் கற்பது. அந்தப் பொறுமை வந்துவிட்டால் மற்ற எதையும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். வந்திருக்காவிட்டால் எந்தக் கூடுதல் பாடமும் கைகொடுக்காது. மானியக் குழு கேட்கும் 12 கிரெடிட்டிலேயே ஆய்வு முறையியல், 2019 இறுதியில் கொண்டுவந்த ஆய்வு நெறிப் பாடம், துறைப்பாடம் எல்லாம் அடங்க வேண்டும். 2022 விதிகள் கற்பித்தல் பயிற்சியையும் சேர்த்துவிட்டன. இனி வணிகம். ஆய்வை எப்போது செய்வது?

வேலையில்லாத் திண்டாட்டத்துக்குக் காரணம் ஆய்வாளரின் திறன்குறை என்று பழியை மாற்றிவிடும் தந்திரமாகவும் இது எனக்குத் தோன்றுகிறது. பணியிடங்களை நிரப்பாதவர்கள் ‘நீங்களே ஒரு நிறுவனம் தொடங்குங்கள்’ என்று சொல்வது எளிது.

#3 ஒப்பந்தப் பேராசிரியர்

வாத்தியார் ஐயாவின் கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன். அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய். மானியக் குழு 2019-இலேயே 50,000 வரை தரலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இதில் நான் கற்ற வணிகப் பாடம்: விற்பவன் அதிகம், வாங்குபவன் ஒருவன் என்றால் விலை யார் கையில் இருக்கும் என்பது. தேர்வு எழுதாமலேயே தேறிவிட்டேன்.

#4 யார்க்ஷயர் மழை

லீட்ஸ் பக்கம் உயிரியலில் முனைவர் பட்டம் முடித்து இப்போது அறிவியல் கொள்கை சார்ந்த வேலையில் இருக்கிறேன். இங்கே இது எப்படி வந்தது என்று சொன்னால் வரைவுக்கு உதவலாம்.

2002-இல் கேரத் ராபர்ட்ஸ் என்பவர் பிரிட்டன் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். முனைவர் பட்டம் முடித்து வருபவர்களிடம் ஆய்வறிவு இருக்கிறது, வேலையிடத்துக்கு வேண்டிய மற்றத் திறன்கள் இல்லை என்று நிறுவனங்கள் குறைப்படுவதாக எழுதினார். ஆண்டுக்கு இரண்டு வாரமாவது இதற்கென ஒதுக்க வேண்டும் என்பது பரிந்துரை. அரசு பணமும் கொடுத்தது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி பவுண்ட், 2011 வாக்கில் நிற்கும்வரை. ‘ராபர்ட்ஸ் பணம்’ என்றே அதற்குப் பெயர். அந்தப் பணத்தில் நல்ல பயிற்சிகளும் நடந்தன, மதிய உணவுக்காக ஆள் சேர்ந்த பட்டறைகளும் நடந்தன.

எனக்கு உண்மையில் பயன்பட்டது வேறொன்று. உயிரியலுக்கான ஆய்வு மன்றம் 2012 முதல் தன் பயிற்சிக் கூட்டமைப்புகளில் மூன்று மாத வெளிவேலையைக் கட்டாயமாக்கியது. உதவித்தொகை அப்படியே வரும். நிபந்தனை ஒன்று: அந்த வேலை உங்கள் ஆய்வுத் தலைப்போடு தொடர்புடையதாக இருக்கக் கூடாது. நான் ஒரு சிறிய விதை நிறுவனத்தில் ஒழுங்குமுறை ஆவணப் பிரிவில் இருந்தேன். ஒரு விதை ரகத்தைச் சந்தைக்குக் கொண்டுவர எத்தனை கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம், அந்தக் காலத்துக்கு யார் செலவைத் தாங்குகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதுவரை அரசு விதிமுறை என்றால் இணையத்தில் தரவிறக்கும் பி.டி.எஃப். என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கு ஒரு புள்ளிவிவரம். லண்டன் ராயல் சொசைட்டி 2010-இல் வெளியிட்டது. பிரிட்டனில் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர் பட்டம் முடிந்த உடனேயே அறிவியலுக்கு வெளியே வேலைக்குப் போகிறார்கள். கடைசியில் பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45 விழுக்காடு. பணியிடங்களை எல்லாம் நிரப்பினாலும் இந்த விகிதம் தலைகீழாகிவிடாது.

#5 மருந்துக்கூடம்

மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன், ஹைதராபாத். நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்பது: “உங்கள் ஆய்வகத்தில் வாங்கிய மிக விலை கூடிய கருவி எது? அதை வாங்கும் வேலையில் உங்கள் பங்கு என்ன?”

நம் ஊர் ஆய்வாளர்கள் இதற்குத் திகைத்துப்போகிறார்கள். கொஞ்சம் துருவினால் கதை வெளிவரும். மூன்று கொட்டேஷன் வாங்கியது இவர், ஒப்பீட்டுப் பட்டியல் போட்டது இவர், முகவரோடு பேசி ஒரு வருடக் கூடுதல் பராமரிப்பு வாங்கியது இவர், நிதியாண்டு முடிவதற்குள் பணம் கட்டாவிட்டால் மானியம் திரும்பிவிடும் என்று கணக்குப் பிரிவு வாசலில் நின்றது இவர், மானியம் செலவான கணக்கைச் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழை நெறியாளருக்காகத் தட்டச்சு செய்ததும் இவர். கொள்முதல், பேரம், பட்ஜெட், காலக்கெடு எல்லாமே கைப்பழக்கம். தன்விவரக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது; ‘எக்ஸ்.ஆர்.டி. தெரியும்’ என்று ஒரு கருவியின் பெயர் மட்டும் இருக்கும்.

எனவே கரித்தூள், பாடத்தை எங்கிருந்தோ இறக்குமதி செய்வதற்கு முன்னால், ஆய்வகத்தில் ஏற்கெனவே நடப்பதை எடுத்துப் பாடமாக்கச் சொல்லுங்கள். இருப்புப் பதிவேட்டை ஒழுங்காகப் பராமரிக்கத் தெரிந்த ஆய்வாளருக்குத் தலைமைப் பண்பு பற்றி ஓர் அலகு நடத்துவது நேர விரயம்.

#6 நொய்யல்கரை

இந்த இழையை என் மகள் காட்டினாள். நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, திருப்பூரில் சாயப்பட்டறை. தொடங்கியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். தம்பியா அம்மணியா தெரியவில்லை. உங்கள் ஆய்வு எதைப் பற்றி?

#7 கரித்தூள்

அம்மணிதான் அண்ணா. நீங்கள் கேட்டதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சாயக்கழிவு நீரிலிருந்து நிறத்தை நீக்குவதுதான் என் தலைப்பு. தேங்காய்ச் சிரட்டையைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சூடேற்றிக் கரியாக்கி, அதில் மெத்திலீன் புளூ சாயத்தை உறிஞ்சவைக்கிறேன். 96 விழுக்காடு நீக்கம் வந்திருக்கிறது. மூன்று கட்டுரைகள் வெளியாகியுள்ளன.

#8 நொய்யல்கரை

அம்மணி, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

மெத்திலீன் புளூவை எங்கள் ஊரில் பனியன் துணிக்கு யாரும் போடுவதில்லை. பருத்திக்கு நாங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம். அது துணியில் ஏற உப்பு வேண்டும். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, கிலோ கணக்கில். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கும். நொய்யல் ஆறு கெட்டதும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை கெட்டதும் பெரும்பாலும் அந்த உப்பால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொன்னதிலிருந்து ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பதுதான் சட்டம்.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பத்திருபது பட்டறைத் தண்ணீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. முதலில் நுண்ணுயிர்த் தொட்டி. நிறத்தில் பெரும்பகுதி அங்கேயும் அதற்கடுத்த படியிலும் போய்விடும். பிறகு ஆர்.ஓ. சவ்வு. நல்ல தண்ணீர் எங்களுக்கே திரும்பி வருகிறது. மிஞ்சுவது உப்புச்சாறு. அதை ஆவியாக்கியில் காய்ச்சி உப்பை எடுக்க வேண்டும். விறகும் மின்சாரமும் அங்கேதான் தீர்கின்றன. எடுத்த உப்பில் ஒரு பகுதியை மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தலாம். மீதி கலப்பு உப்பு, எதற்கும் ஆகாது. மூட்டைகட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம். மழை பட்டால் கரையும், பழைய வம்பு திரும்பிவிடும்.

ஆக எங்களுக்கு நிறம் பெரிய தலைவலி இல்லை. ஆவியாக்கிச் செலவும் கலப்பு உப்பும்தான் தலைவலி. ‘சாயக்கழிவு’ என்று தலைப்பு வைத்து எத்தனையோ பேர் பட்டம் வாங்கியிருப்பார்கள். என் பட்டறைக்கு இதுவரை வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள். உட்கார்ந்து, உங்களுக்கு எதில் செலவாகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. வணிகப் பாடம் என்று ஒன்று வைத்தால் முதலில் அதைக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

#9 கணக்குப்பிள்ளை

செலவுக் கணக்காளன், கோவை. நொய்யல்கரை அண்ணாச்சி அடித்தளம் போட்டுவிட்டார், நான் எண்களைப் போடுகிறேன். கரித்தூள், சோதனையில் எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு கரி?

#10 கரித்தூள்

50 மில்லிலிட்டருக்கு 0.2 கிராம், ஐயா. இதைக் கேட்டபோதே எங்கே போகப்போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது.

#11 கணக்குப்பிள்ளை

தெரிந்தாலும் ஒருமுறை எழுதிப்பார்த்துவிடுவோம்.

லிட்டருக்கு 4 கிராம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிலோ. நாளுக்கு ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீர் வரும் சிறிய நிலையம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 2,000 கிலோ கரி. கிலோ 80 ரூபாய் என்று குறைத்தே மதிப்பிடுகிறேன். அமிலத்தில் ஊறவைத்த கரிக்கு அந்த விலை வராது. நாளுக்கு 1,60,000 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 40 லட்சம். ஆயிரம் லிட்டருக்கு 320 ரூபாய், நிறத்துக்கு மட்டும். இதற்குப் பிறகும் உப்பு அப்படியே இருக்கிறது, ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் அப்படியே வேண்டும்.

அடுத்தது செலவுப் பட்டியலில் எப்போதும் விடுபடுகிற வரி. பயன்படுத்திய கரி எங்கே போகும்? மாதம் 50 டன், அதுவும் உலர்ந்த எடை. சாயம் ஏறிய கரி அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற இடத்துக்கு லாரியில் அனுப்பி, டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும்.

‘மலிவு விலை உறிஞ்சுபொருள்’ என்று இத்தகைய ஆய்வேடுகளின் தலைப்பிலேயே இருக்கும். விலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. நான் கற்றுத்தரச் சொல்வது இந்த ஒரு தாளைத்தான். மாறும் செலவு, நிலைச் செலவு, கழிவுச் செலவு, இப்போது வாடிக்கையாளர் இதற்கு என்ன செலவழிக்கிறார். ஒவ்வோர் ஆய்வாளரும் தன் சொந்த ஆய்வுக்கு இதை எழுதி, இரண்டு மணி நேரம் என்னைப் போன்ற ஒருவனிடம் திட்டு வாங்கினால் போதும். மேலாண்மைச் சிந்தனையின் வரலாறு அப்புறம் வரட்டும்.

#12 கரித்தூள்

மறுபயன்பாடும் செய்து பார்த்தேன் ஐயா. ஐந்தாவது சுற்றில் 71 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனாலில் கழுவினேன். அந்த எத்தனாலையும் கணக்கில் சேர்த்தால்...

#13 நொய்யல்கரை

கழுவிய எத்தனாலும் கழிவுதானே அம்மணி. அது எந்தக் குழாயில் போகும்?

#14 ஓய்வுபெற்ற வாத்தியார்

கணக்கு சரியாகவே இருக்கிறது, ரசித்துப் படித்தேன். ஆனால் ஓர் ஆட்சேபம். மெத்திலீன் புளூ, ஆய்வில் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் சாயம். அளக்க எளிது, உலகம் முழுக்க ஒப்பிட முடியும். பரப்பின்மேல் மூலக்கூறு எப்படி ஒட்டுகிறது என்று அறிவதுதான் அந்த ஆய்வின் பயன். நாளைய கணக்கில் லாபம் வராத ஆய்வையெல்லாம் இந்த ஒற்றைத் தாளால் அடித்துவிட்டால் அடிப்படை அறிவியலுக்கு இடமேது?

#15 கணக்குப்பிள்ளை

ஐயா, அடிப்படை அறிவியல் என்று சொல்லிச் செய்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. முன்னுரையில் திருப்பூர் நீர்மாசு, முடிவுரையில் ‘தொழிற்சாலைகளுக்குப் பரிந்துரைக்கலாம்’, நடுவில் மட்டும் அடிப்படை அறிவியல் என்றால்தான் என் பேனா எழுந்துவிடுகிறது.

#16 ஓய்வுபெற்ற வாத்தியார்

அந்த முடிவுரை வாக்கியத்துக்கு நானும் எத்தனையோ ஆய்வேடுகளில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். இதில் ஒத்துப்போகிறோம். கட்டாயத் தேர்வில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

#17 சுவடிப்பெண்

எல்லாம் வேதியியலாகவே போகிறது. நான் தமிழிலக்கிய ஆய்வாளர். சுவடிப் பதிப்பு வரலாறு என் தலைப்பு. வரைவு ‘எல்லாத் துறைக்கும்’ என்கிறது. எங்கள் துறையில் ‘ஸ்டார்ட்-அப் திட்டங்கள்’ அலகு நடந்தால் பின்வரிசையில் தூங்கத்தான் முடியும்.

ஆனால் எங்களுக்கு வணிகம் தேவையில்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எங்கள் ஆட்கள் ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பகத்துக்குப் போகிறார்கள். அவர் ‘300 பிரதி போடுகிறேன், 100 பிரதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். பதிப்புரிமை யாரிடம், மின்னூல் உரிமை தனியா, மொழிபெயர்ப்பானால் பங்கு உண்டா, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்கத் தெரியாது. எழுத்து ஒப்பந்தம் கேட்டால் அவமதிப்பாக நினைத்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேறு.

மொழிபெயர்ப்பு வேலையும் அப்படித்தான். ஓ.டி.டி. தளங்களுக்குத் துணைத்தலைப்பு எழுதித்தரும் இடைத்தரகர்கள் நிமிடக் கணக்கில் விலை பேசுகிறார்கள். ஒரு நிமிடப் படத்துக்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தின் விலை என்ன என்று நான் கணக்குப் போட்டதே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். நூலகம், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பாடநூல் நிறுவனம், அகராதிப் பணி, மொழித்தரவு தொகுக்கும் கணினி நிறுவனங்கள் என்று போக இடங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் ஒரு திட்ட முன்மொழிவும் வரவுசெலவும் ஒரே நாளில் எழுதித்தரத் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கிறது.

கணக்குப்பிள்ளை ஐயாவின் தாளில் ‘உன் ஒரு மணி நேரத்தின் விலை என்ன’ என்ற வரியையும் சேருங்கள்.

#18 கணக்குப்பிள்ளை

சேர்த்தாயிற்று. அதை முதல் வரியாகவே வைக்கலாம்.

#19 அக்கரைச்சீமை

அமெரிக்காவில் பொருளறிவியலில் ஆய்வு முடித்தவன். நொய்யல்கரை அண்ணன் சொன்னதையே இங்கே முறையாக வைத்து நடத்துகிறார்கள். 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் பிளாங்க் ஒரு வகுப்பு தொடங்கினார். அதே ஆண்டில் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை எடுத்து ஐ-கோர் என்ற பெயரில் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்தது. குழுவில் மூவர்: பேராசிரியர், தொழில் அனுபவம் உள்ள ஒரு வழிகாட்டி, முன்னின்று நடத்தும் ஓர் ஆய்வு மாணவர். ஏழு வாரத்தில் நூறு பேரையாவது நேரில் கண்டு பேச வேண்டும். 50,000 டாலர் மானியம், பெரும்பாலும் அந்தப் பயணங்களுக்கே.

இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தன. முதலாவது, தலைமை மாணவரிடம். பேராசிரியர் உடன் வருபவர். இரண்டாவது, பேசும்போது உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவர்களுடைய வேலை நாள் எப்படிப் போகிறது, எதில் பணம் கரைகிறது என்று மட்டும்தான் கேட்கலாம். நான் பார்த்த குழுக்களில் பல, ஏழு வாரத்தின் முடிவில் ‘இதை வாங்க ஆளில்லை’ என்ற முடிவோடு வந்தன. அதைத் தோல்வியாக யாரும் எழுதிக்கொள்வதில்லை.

இதற்கு அமெரிக்கா வரை வர வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2017-இல் தொடங்கிய கோபாலகிருஷ்ணன் – தேஷ்பாண்டே மையம் இதே முறையில் ஒரு பயிற்சி நடத்துகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அவர்களோடு பேசிப் பார்க்கலாம்.

#20 கரித்தூள்

எல்லோருக்கும் நன்றி. ஆனால் யாரும் தொடாத ஓர் இடம் இருக்கிறது. மூன்று மாதம் வெளியே போவது, நூறு பேரைச் சந்திப்பது எல்லாம் நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். சனிக்கிழமை விடுப்புக்கே விளக்கம் கேட்கும் ஆய்வகங்கள் உண்டு. அவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்: நிதித்திட்டம் மூன்றாண்டு, அதற்குள் கட்டுரைகள் வர வேண்டும், ஆள் வெளியே போனால் வேலை நிற்கும். அவர்களுடைய பதவி உயர்வுக்கு என் கட்டுரை கணக்கில் வரும். நான் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தது கணக்கில் வராது.

பணமும் இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த உதவித்தொகை இல்லாமல், மாலையில் டியூஷன் எடுத்துப் படிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களைச் சொந்தச் செலவில் திருப்பூருக்கும் சென்னைக்கும் அலையச் சொல்ல முடியாது.

#21 ஒப்பந்தப் பேராசிரியர்

டியூஷன் எடுப்பவருக்குப் பணவரவு மேலாண்மை ஏற்கெனவே தெரியும். விலக்கு அளித்துவிடலாம்.

#22 மருந்துக்கூடம்

நெறியாளர் சிக்கல் உண்மைதான். விதியில் எழுதாமல் நடக்காது. பிரிட்டனில் நடந்ததற்குக் காரணம், பணம் கொடுத்தவர்களே நிபந்தனையாக வைத்ததுதான். ‘இத்தனை வாரம் ஆய்வாளரின் உரிமை, அந்த வாரங்கள் பட்டத்தை முடிக்க வேண்டிய காலவரம்பில் சேராது’ என்று உங்கள் பல்கலைக்கழகம் விதியில் சேர்த்தால் ஒழிய, ‘ஊக்குவிக்கப்படுகிறது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் பாடத்தில் வைக்க வேண்டும். ஒரு வேலையை எப்போது நிறுத்துவது. எங்கள் இடத்தில் ஒவ்வொரு திட்டமும் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் வாசலிலும் ‘இந்த எண் வராவிட்டால் மூடிவிடுவோம்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்போம். மூடியதற்காக யாரையும் திட்டுவதில்லை. மூட வேண்டியதை இழுத்தடித்தால்தான் கேள்வி வரும். முனைவர் பட்டத்தில் பழக்கம் நேர் எதிர். ஐந்தாண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அங்கே தகுதி. புதிதாக வருபவர்களுக்கு இதை மாற்றிக்கொள்ளத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

#23 உரிமம்

காப்புரிமை முகவர். சுருக்கமாக. கட்டுரையை வெளியிட்டுவிட்டுக் காப்புரிமைக்கு வருபவர்களை வாராவாரம் பார்க்கிறேன். வெளிவந்துவிட்டால் புதுமை போய்விட்டது. இந்தியச் சட்டத்தில் விதிவிலக்கு மிகக் குறுகியது, ஐரோப்பாவில் ஏறக்குறைய இல்லவே இல்லை. முதலில் தற்காலிக விண்ணப்பம், பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விண்ணப்பம், இடையில் கட்டுரை. 2021-இலிருந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு குறைப்பு இருக்கிறது. சுவரில் ஒட்டும் காப்புரிமைச் சான்றிதழுக்காக மட்டும் விண்ணப்பிப்பது வேறு நோய். அதற்குத் தனி இழை வேண்டும்.

#24 கிளிநொச்சிக் காற்று

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே பல்கலைக்கழகங்களில் வணிகத் தொடர்புப் பிரிவுகள் இருக்கின்றன. கலாநிதிப் பட்ட (உங்கள் முனைவர் பட்டம்) மாணவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் வகுப்பறைப் பாடம் சரிவராது, ஆளுக்கு ஆள் பேசியே வேலை நடக்கும். விவசாயத் துறையில் என் மாணவி ஒருத்தி கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து கொண்டாள். சங்கக் கணக்காளரிடம் வரவுசெலவு ஏட்டைப் பார்த்துப் படித்தாள். எந்த மேலாண்மைப் புத்தகத்தையும்விட அது அவளுக்குப் பயன்பட்டது என்பது என் துணிபு. தொழிற்சாலை இல்லாத ஊரிலும் ஏதாவது ஒரு கூட்டுறவுச் சங்கம் இருக்கும்.

#25 மட்டுறுத்துநர்

தனிப்பட்ட பல்கலைக்கழகங்களை அடையாளம் காட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இழை தொடரலாம்.

#26 கரித்தூள்

நான் எழுதிக்கொடுக்கப்போவதை இங்கே இடுகிறேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

எழுத்துத் தேர்வு வேண்டாம். ஐந்து அலகுகளும் வேண்டாம். அவற்றுக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தன் ஆய்வால் யாருக்குப் பயன் என்று சொல்கிறாரோ அவர்களில் பத்துப் பேரையாவது நேரில் கண்டு பேசிக் குறிப்பு எழுத வேண்டும். நூறு நமக்குக் கட்டாது. அடிப்படை அறிவியல் செய்பவர்கள், தங்கள் கருவியையோ கணக்கு முறையையோ பயன்படுத்தக்கூடிய பத்துப் பேரைச் சந்திக்கலாம். இது வாத்தியார் ஐயாவுக்காக. பயணப்படியைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். பிறகு கணக்குப்பிள்ளை ஐயாவின் ஒரு தாள். அதைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு செலவுக் கணக்காளர். இலக்கியத் துறைக்கு அதற்கு ஈடாக ஓர் ஒப்பந்தமும் ஒரு திட்ட வரவுசெலவும். பார்க்க ஒரு பதிப்பாளரும் ஒரு வழக்கறிஞரும். ஆய்வகக் கொள்முதல் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கையாண்டதற்கு நெறியாளர் சான்று. விருப்பமுள்ளவர்களுக்கு எட்டு வார வெளிவேலை, அந்தக் காலம் ஆறாண்டு வரம்பில் சேராது. காலவரம்பு மானியக் குழு விதி என்பதால் இந்தக் கடைசிப் பகுதியை அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

#27 ஓய்வுபெற்ற வாத்தியார்

தேர்வு இல்லை என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மறுபாதி இருக்கிறது: பணியிடங்களை நிரப்பச் சொல்லும் ஒரு வரியையும் அதே தாளில் சேர்த்துக் கொடுங்கள். திறன் பயிற்சி வந்துவிட்டது, இனி நியமனம் எதற்கு என்று யாரும் சொல்லக் கூடாது.

#28 யார்க்ஷயர் மழை

வெளிவேலையை விருப்பமாக வைக்காதீர்கள். விருப்பம் என்றால் நெறியாளரின் விருப்பம் என்றாகிவிடும். நான்கு வாரமாகக் குறைத்தாவது எல்லோருக்கும் வையுங்கள்.

#29 கரித்தூள்

சரி அக்கா. நான்கு வாரம், எல்லோருக்கும். வாத்தியார் ஐயா, நியமன வரியைச் சேர்த்துவிட்டேன். மேலே அனுப்பும்போது அதை யாராவது எடுத்துவிட்டால் இங்கே வந்து சொல்கிறேன்.

நொய்யல்கரை அண்ணா, என் ஆய்வேடு இந்த ஆண்டு முடிந்துவிடும், மெத்திலீன் புளூவோடுதான் முடியும். ஆனால் ஒரு தடவை அந்த ஆவியாக்கியைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வரலாமா?

#30 நொய்யல்கரை

தாராளமாக வாருங்கள் அம்மணி. பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், உள்ளே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஓடாது. செருப்போடு விடமாட்டார்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மேலாளர் நன்றாகப் பேசுவார். அவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, ஆவியாக்கியை ஓட்டுகிற பையனிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

#31 கணக்குப்பிள்ளை

நானும் வரலாமா? மின்கட்டண ரசீதும் விறகுக் கணக்கும் பார்க்கக் கிடைக்குமா?

#32 நொய்யல்கரை

கிடைக்கும். போட்டோ மட்டும் எடுக்கக் கூடாது.